குழை முறித்து வைத்துவிட்டு நடப்போம்



நடக்கும்போது நாம் செய்கிற சின்னச் சின்னக் கூத்துகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். காட்டுக்குள் நடக்கிறபோது, கோயிலுக்கு நடக்கிறபோது, குளக்கட்டில் நடக்கிறபோது மனிதர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒருவர் தடியால் பற்றையை அடித்துக்கொண்டே போவார். ஒருவர் தனக்குத்தானே கதைத்துக்கொண்டு போவார். ஒருவருக்கு எப்போதும் முன்னுக்குத்தான் போக வேண்டும். இன்னொருவர் எவ்வளவு கெஞ்சினாலும் கடைசி ஆளாகத்தான் வருவார். அரைக் கட்டைக்கு ஒருக்கால் நின்று வேட்டிக் கரையில் ஒட்டிய நாயுருவியைப் பிடுங்குகிறவரும் இருக்கிறார். கூட நடக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். “அப்பப்பாவுக்கு விசர்” என்கிறார்கள்.

விசரா? அதைத்தான் இன்று நாம் விசாரிக்கப் போகிறோம்.

வீட்டுப் படலையிலிருந்தே தொடங்குவோம். வெளிக்கிட்டு நிற்கிற ஆளைப் பார்த்து யாராவது “எங்க போறாய்?” என்று கேட்டுவிட்டால் போதும், வீட்டில் பெரிய சண்டை. போகிற காரியம் பிழைத்துப்போகும் என்பார்கள். அதனால் எங்கள் பெரியவர்கள் “தூரமோ?” என்று ஒரு சொல்லில் கேட்பார்கள். போகிறவரும் “போறன்” என்று சொல்லமாட்டார். “போட்டு வாறன்” என்பார். எதையாவது மறந்து திரும்பி வந்தால் விறாந்தையில் இருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி எழும்பலாம். ஒரு முறை திரும்பி வந்தவர் பதறிப்போய் நிற்கிறார். இருத்தித் தண்ணீர் கொடுத்தால் மூச்சு ஆறும். இன்னும் எதை மறந்தோம் என்று யோசிக்க நேரம் கிடைக்கும். காட்டுப்பாதையில் நாலு கட்டை போன பிறகு நெருப்புப்பெட்டி ஞாபகத்துக்கு வந்து என்ன பயன்?

இனிக் காட்டுக்குள் வாருங்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டில், தேன் எடுக்கப் போகிற பெரியவர் ஒருவரோடு ஒரு நாள் முழுக்க நடந்தேன். விடியப்புறம் காட்டு வாசலுக்கு வந்தோம். அங்கே ஒரு பாலை மரம். பெரியவர் பக்கத்துச் செடியில் ஒரு குழையை முறித்தார். மரத்தடியில் வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டார். நான் குனிந்து பார்த்தேன். அந்த மரத்தடியில் முழங்கால் உயரத்துக்குக் குழைகள் குவிந்து கிடந்தன. மேலே கிடந்தவை பச்சை. அதற்குக் கீழே வாடியவை. அதற்கும் கீழே பழுப்பு. ஆக அடியில் மண்ணோடு மண்ணாகப் பொடிந்து போனவை. எத்தனை ஆண்டுக் கைகள் அவை! “ஐயனாருக்கு. நீங்களும் ஒண்டை வையுங்கோ தம்பி” என்றார். வைத்தேன்.

வணக்கம் அதோடு முடிந்தது, முறிப்பு முடியவில்லை. பாதை வளைகிற இடமெல்லாம் அவர் கை ஒரு கிளையைப் பற்றும். பாதி முறித்துத் தொங்கவிடும். வேறு கதை கதைத்துக்கொண்டிருப்பார், கை தன்பாட்டில் முறிக்கும். எனக்கு எரிச்சல் வந்தது. சும்மா போகிற வழியில் பச்சை மரத்தை ஏன் முறிக்கிறார் என்று மனதுக்குள் கோபப்பட்டேன். வாய்விட்டுக் கேட்கவில்லை.

பின்னேரம் திரும்பும்போது வானம் மூடிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே வீரை, அதே முதிரை, அதே முட்பற்றை. எனக்குப் பாதை என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. அவர் நின்று நிதானமாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். இருபது முழத்துக்கு அப்பால் ஒரு கிளை தொங்கியது. இலையின் மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெளிறல். முறித்துத் தொங்கவிட்டபோது அடிப்பக்கம் எங்களைப் பார்க்கும்படி திருப்பி விட்டிருக்கிறார்! மங்கிய வெளிச்சத்திலும் அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. குழைக்குக் குழை நடந்து வெளியே வந்தோம்.

விசரா அது?

2009ஆம் ஆண்டு யான் சௌமன் என்ற ஆய்வாளரும் தோழர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வேலை செய்தவர். ஜெர்மனியில் ஒரு காட்டிலும் துனீசியாவின் சகாராப் பாலைவனத்திலும் ஆட்களை விட்டு, “நேராக நடந்து போங்கள்” என்று மட்டும் சொன்னார்கள். வெயில் தெரிந்த நாளில் நடந்தவர்கள் ஓரளவு நேராகப் போனார்கள். வானம் மூடிய நாளில் காட்டுக்குள் நடந்தவர்கள் வட்டமாகச் சுற்றித் தாங்கள் நடந்த பாதையையே மறுபடி கடந்தார்கள். அவர்களுக்கு அது தெரியவே இல்லை! நேராகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே சுற்றினார்கள். பாலைவனத்தில் இரவு நடந்த ஒருவர் நிலவு இருக்கும் மட்டும் நேராகப் போனார்; நிலவு மறைந்ததும் திரும்பத் தொடங்கிவிட்டார்.

எங்கள் கிழவர்கள் இதற்குத் திகைப்பூண்டு என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பூண்டை மிதித்தவன் திசை கெட்டுச் சுற்றுவான் என்றார்கள். பூண்டு இருக்கிறதோ இல்லையோ, திகைப்பு இருக்கிறது. அந்தத் திகைப்புக்கு மருந்தும் அவர்களே வைத்திருந்தார்கள்: போகிற வழியெல்லாம் குழை முறி; திகைத்தால் ஓடாதே, இருந்த இடத்தில் இரு, ஒரு வாய் வெற்றிலை போடு, பிறகு எழும்பு. அந்த ஆய்வு வெளிவந்த 2009இல், போர் முடிந்த அந்த ஆண்டில், நாங்கள் எப்படி நடந்தோம் என்பது இந்த மண்டபத்துக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதே பெரியவர் இன்னொன்றும் செய்தார். வழியில் யானை இலத்தி கிடந்தால் விலகிப் போகமாட்டார். நின்று, பெருவிரலால் அதைக் கொஞ்சம் கிளறுவார். அடியில் ஈரம் இருக்கிறதா, சூடு இருக்கிறதா, வண்டு வந்துவிட்டதா என்று பார்ப்பார். “பெரியவர் விடியத்தான் போயிருக்கிறார்” என்பார். காட்டுக்குள் நிற்கும் மட்டும் யானை என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. கேட்டால், “பேரைச் சொன்னால் வரும்” என்றார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஒன்று: பேர் சொல்லாமல் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் குரல் தானாகத் தணிகிறது, காது தானாகத் திறக்கிறது.

பாலைப்பழக் காலத்தில் அதே மனிதரே நேர்மாறாக நடப்பார். சத்தம் போடுவார். கோடரிப் பிடியால் மரங்களைத் தட்டிக்கொண்டு போவார். ஏன்? பாலைப்பழம் எங்களுக்கு மட்டும் இனிப்பா? கரடிக்கும் இனிப்பு. பழம் தின்கிற ருசியில் கரடி எங்கள் காலடியைக் கேட்காது. கிட்டப் போய்த் திடுக்கிடச் செய்தால் அது முகத்துக்குத்தான் பாயும். “நான் வாறன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது தன் வழியே போய்விடும். எப்போது மௌனம், எப்போது சத்தம் என்று அந்தக் காலுக்கும் கைக்கும் தெரிந்திருக்கிறது.

இங்கே இளைஞர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் இப்போது கூட்டம் கூட்டமாகக் காட்டுக்கும் குளத்துக்கும் நடக்கப் போகிறீர்கள். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆனால் தோளில் ஸ்பீக்கரைப் போட்டுப் பாட்டு அலறவிட்டுக்கொண்டு போகிறீர்களே, அது எனக்கு மனவருத்தம். மரத்தில் தட்டுகிற மனிதர் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்று கேட்பார். உங்கள் பாட்டு நிற்பதே இல்லை. தும்பிக்கைப் பெரியவர் பக்கத்துப் பற்றையில் கிளை முறிக்கிற சத்தம் உங்களுக்கு எப்படிக் கேட்கும்?

வெளியூர்க்காரர்களுக்கும் இந்தப் பழக்கங்கள் உண்டு. ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரை உங்களில் பலர் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1660இல் பிடிபட்டு, கண்டி அரசில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்தவர். 1679இல் ஒரு தோழரோடு தப்பி, அநுராதபுரம் கடந்து, எங்கள் அருவியாற்றங்கரைக் காட்டுக்குள்ளால் நடந்து, ஒக்டோபர் மாதம் அரிப்புக் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது. அதில் தான் கொண்டு போன சாமான்களைச் சொல்கிறார். கூடாரத்துக்குத் தாளிப்பனை ஓலை. முள்ளுக்குக் காலில் கட்ட மான்தோல். நெருப்புத் தட்டும் பெட்டி ஒன்றல்ல, இரண்டு மூன்று! ஒன்று பிழைத்தால் மற்றது. அந்தத் தேன்காரப் பெரியவரின் மடியில் ஒரு நெருப்புப்பெட்டி, இடுப்பு முடிச்சுக்குள் பொலித்தீனில் சுற்றிய இன்னொன்று. இடையில் முந்நூறு ஆண்டுக்கு மேல். காடு இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இங்கிலாந்தில் சார்ள்ஸ் டார்வின் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மணற்பாதை போட்டு நாள்தோறும் சுற்றிச் சுற்றி நடப்பார். சுற்றை எப்படி எண்ணினார்? பாதை ஓரத்தில் சில கற்களைக் குவித்து வைத்து, சுற்றுக்கு ஒரு கல்லைக் காலால் தட்டிவிடுவார். உலகத்தையே யோசிக்க வைத்த மனிதர், சுற்றை எண்ணுகிற வேலையைக் கல்லிடம் கொடுத்துவிட்டு யோசித்தார். எங்கள் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகும்போது மதகு எண்ணவில்லையா? மைல் கல்லைத் தொட்டுத் தொட்டுப் போகவில்லையா? நாம் எண்ணி எண்ணி நடந்த சனம். கிளிநொச்சியில் ஓர் இடத்துக்குப் பெயரே 155ஆம் கட்டை! கண்டியிலிருந்து எண்ணி வந்த எண் ஊர்ப் பெயராகிவிட்டது.

ஆனால் இந்த மண்ணில் எல்லாப் பழக்கமும் காடு தந்ததல்ல; போர் தந்ததும் உண்டு. இனிச் சொல்லப்போவதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வயது ஆண்கள் நடக்கும்போது பாருங்கள். பத்து அடிக்கு ஒருக்கால் வலது கை இடது பக்கச் சேட்டுப் பைக்குப் போகும். இரண்டு விரலால் மெல்லத் தட்டும். திரும்பி வரும். பணம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா? அடையாள அட்டை! 2002 ஏப்ரலில் கண்டி–யாழ்ப்பாண ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்ட்டில் மூடியது. இடைப்பட்ட அந்த நாலு வருடத்தில் ஓமந்தைச் சோதனைத் தடையில் பஸ்ஸால் இறங்கி, பொதியைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் வரிசையில் நடந்தவர்கள் நாங்கள். அதற்கு முந்திய வருடங்களிலும், பிந்திய வருடங்களிலும் அட்டை இல்லாத மனிதன் மனிதனே இல்லை. இன்று ஓமந்தையில் அந்தத் தடை இல்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அந்த இரண்டு விரலுக்கு அது இன்னும் தெரியவில்லை. அது தன்பாட்டில் போய்த் தட்டிவிட்டு வருகிறது.

பிள்ளைகளே, உங்கள் அப்பப்பா பையைத் தட்டும்போது சிரிக்காதீர்கள். “என்ன அப்பப்பா, இருக்கோ?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்குவார். ஒரு மாலை போதாது.

இரணைமடுக் குளக்கட்டு எவ்வளவு அகலம் என்று உங்களுக்குத் தெரியும். நாலு பேர் தோளோடு தோள் சேர்ந்து நடக்கலாம். ஒரு நாள் கொழும்பிலிருந்து வந்த உறவினர் சிலரோடும் இங்குள்ள சிலரோடும் அந்தக் கட்டில் நடந்தேன். கொழும்புக்காரர் பரந்து விரிந்து, பக்கத்துப் புல்லுக்குள் இறங்கி, ஏறி, ஓடி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரவர்கள்? ஒருவர் பின் ஒருவராக, எறும்பு வரிசை. முன்னால் போனவரின் பாதம் பதிந்த இடத்தில் பின்னால் வந்தவரின் பாதம். நான் மண்ணைப் பார்த்தேன். ஐந்து பேர் நடந்த இடத்தில் ஒரே ஆளின் சுவடு! ஒருவரும் அப்படி நடப்போம் என்று பேசிவைக்கவில்லை. கொழும்புப் பிள்ளை ஒன்று சிரித்தது: “ஏன் இவை இப்பிடி ட்ரில் மாதிரி நடக்கினம்?”

சிவப்புப் பலகையில் மண்டையோடு கீறி, ‘மிதிவெடி கவனம்’ என்று எழுதிய காணிகளுக்கு நடுவில் மீளக் குடியேறியவர்கள் அவர்கள். புல் முளைத்த இடத்தில் கால் வைக்கக் கூடாது, ஆள் நடந்த தடத்தில்தான் நடக்க வேண்டும் என்று குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்தவர்கள். 2017இல் இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. முகமாலை மண்ணில் எங்கள் பெண் பிள்ளைகள் முழங்காலில் இருந்து, தலைக் கவசத்துக்குள் வேர்வை ஒழுக, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி வெடி எடுத்திருக்கிறார்கள். அப்படி வேலை செய்த ஒரு தங்கச்சியோடு நான் கடைக்கு நடந்திருக்கிறேன். தார் ரோட்டில்தான் நடந்தோம். அவ கதைத்துக்கொண்டே வந்தா, சிரித்துக்கொண்டே வந்தா. ஆனால் கண் ஒரு நிமிடமும் என் முகத்துக்கு வரவில்லை. அடுத்த அடி விழப்போகிற இடத்திலேயே இருந்தது. “வீட்டுக்குள்ளயும் இப்பிடித்தான் அண்ணா, அம்மா பேசுறவ” என்றா.

கிறவல் ரோட்டில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து, பட்டணம் வந்ததும் போட்டுக்கொள்கிற அன்ரிமாரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சோடி பாட்டாவின் பெறுமதி என்னவென்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதை அவர்கள் சொல்வதுதான் முறை.

இனி யாத்திரைக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படுகிறது. வன்னிக்குள்ளால், வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டு, முல்லைத்தீவுக் கரையோரமாகத் திருகோணமலை, மட்டக்களப்பு கடந்து, குமண, யால காட்டுக்குள்ளால் ஒன்றரை மாதத்துக்கு மேல் நடை. முன்னால் வேல் போகும். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லோரும் எல்லோருக்கும் சாமி. வன்னிப் பகுதியில் சில நாள் நானும் அவர்களோடு நடந்திருக்கிறேன். அங்கே ஓர் அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நாலு அடி நடப்பா, குனிவா. நாலு அடி நடப்பா, குனிவா. கூட்டத்துக்கு அது பெரிய இடைஞ்சல். பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்வார்கள். சிலர் சினந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பை. சூரைமுள், ஒரு ஆணி, போத்தில் ஓட்டுத்துண்டு, ஒரு கம்பித் துண்டு. பாதையில் கிடப்பதைப் பொறுக்கிப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறா. “சாமி, பின்னால வெறுங்காலோட எத்தினை சனம் வருது” என்று மட்டும் சொன்னா. மறுபடி குனிந்தா.

விசரா, அன்பர்களே? அது விசரா?

கடைசியாக ஒன்று. வற்றாப்பளைப் பொங்கல் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல்நீர் எடுத்து வந்து அதில் விளக்கேற்றி, வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்களில் பொங்குகிற பொங்கல். புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து நேர்த்தி வைத்து நடந்து வருகிறவர்களில் சிலர் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வருவார்கள். ஒரு பக்கம் நந்திக்கடல். ஒடுங்கிய பாலம். 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், அந்தப் பாலத்தால் எத்தனை ஆயிரம் பேர் நடந்தார்கள்!

ஒரு பொங்கலுக்கு அந்தப் பாலத்தில் ஒரு தாயும் மகனும் எனக்கு முன்னால் போனார்கள். மகனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தாயை விட ஒன்றரை மடங்கு உயரம். ஒரு கையில் போன், காதில் வயர். பாலத்தின் தொடக்கம் வரை இருவரும் தனித்தனியாகத்தான் வந்தார்கள். பாலத்தில் கால் வைத்ததும் தாயின் கை நீண்டது. அவனுடைய மணிக்கட்டைப் பற்றியது. விரல் கோத்துப் பிடிக்கிற பிடி அல்ல. மணிக்கட்டைச் சுற்றி, நாலு விரலும் பெருவிரலும் இறுக, நகம் வெளுக்கிற பிடி. பக்கத்தில் போன பெடியங்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவன் கையை இழுக்கவில்லை. காது வயரைக் கழற்றிப் பைக்குள் போட்டான். தாயின் நடைக்குத் தன் நடையைக் குறைத்தான். அவ தண்ணீர்ப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

பாலம் முடிந்தது. கை விட்டது. மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. தாய் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்ன வெயில்! தொப்பியொண்டு போட்டுக்கொண்டு வரச் சொன்னன், கேட்டனியே?” என்று அவனைப் பேசத் தொடங்கினா. அவன் “ஓமம்மா, ஓமம்மா” என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தான்.